மாவு முந்திய ராத்திரி

நேற்று ராத்திரி மாவு எங்களை முந்திவிட்டது.

பன்னுக்கான இரண்டாவது மாவைப் பன்னிரண்டேகாலுக்குப் பிசைந்து தொட்டியில் போட்டு, ஈரத்துணி போர்த்திவிட்டு, முதல் ஈடு ரொட்டியை டின்னிலிருந்து தட்டி எடுக்கப் போனோம். ஒரு மணி நேரம் இருக்கிறது என்று கணக்கு. நாற்பது நிமிஷத்தில் எதேச்சையாகத் திரும்பிப் பார்த்தால் துணி கூடாரம் மாதிரி உப்பி நிற்கிறது. விரலை விட்டேன். குழி மூடவே இல்லை, ஓரம் மெல்லச் சரிந்தது. மூக்கில் லேசாகப் புளிப்பு. மூன்று பேர் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்து, மாவைக் குத்தி அடக்கி, வெட்டி, உருட்டி, டிரேயில் வைத்தோம். பன் வந்தது. ஆனால் தோல் சிவக்கவில்லை, காய்ச்சல்காரன் முகம் மாதிரி வெளுத்திருந்தது. சிவக்க வேண்டிய சர்க்கரையை ஈஸ்ட் முன்பே தின்று முடித்திருந்தது.

மார்ச் மூன்றாம் வாரம் இது. பெங்களூரில் வெயில் காலம் தொடங்கியதை எனக்கு வருஷா வருஷம் மாவுதான் சொல்கிறது. பகலெல்லாம் தூங்குகிற எனக்கு வெயிலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

லிங்கராஜபுரத்தில் எங்கள் பேக்கரி. அப்பா 1979-ல் ஆரம்பித்தது. அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்தபிறகு நான் எடுத்துக்கொண்டேன், 14 வருஷம் ஆகிறது. கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரிவது முன்பக்கம்: கண்ணாடிப் பெட்டி, பஃப்ஸ், தில்பசந்த், தேங்காய் பன், ஜாடியில் காங்கிரஸ் கடலை. பெட்டிக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கிறது. என் வேலை முழுக்க அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம். அங்கே என்ன நடக்கிறது என்று என் அத்தை மகள்களுக்கே தெரியாது. "உனக்கென்னடி, தினமும் கேக்" என்கிறார்கள்.

ராத்திரி பத்து மணிக்கு ஒரு மூட்டை மைதாவைச் சலித்துக் கொட்டுவதில் வேலை தொடங்கும். 50 கிலோ மாவுக்கு 29 லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ உப்பு, ஒரு கிலோ ஈஸ்ட், இரண்டரைக் கிலோ சர்க்கரை, ஒன்றரைக் கிலோ கொழுப்பு. மிஷின் பிசைகிறது என்றாலும் எப்போது நிறுத்துவது என்பதை மிஷின் சொல்லாது. நெல்லிக்காய் அளவு மாவைக் கிள்ளி எடுத்து, இரண்டு கை விரல்களாலும் மெல்ல இழுத்து விரித்து, டியூப் லைட்டுக்கு நேரே பிடிக்க வேண்டும். ஜவ்வு மாதிரி விரிந்து, வெளிச்சம் ஊடே தெரிந்து, கிழியாமல் நின்றால் சரி. அந்த ஜவ்வுதான் ஈஸ்ட் விடுகிற காற்றைப் பிடித்து வைக்கும். கிழிந்தால் இன்னும் இரண்டு நிமிஷம் ஓட வேண்டும். ஒரேயடியாக ஓட்டிவிட்டால் மாவு சூடேறி, பிசுபிசுவென்று கையில் ஒட்டி, அதற்குப் பிறகு எதற்கும் ஆகாது.

பிசைந்து இறக்கும்போது மாவு 27 டிகிரியில் இருக்க வேண்டும். எங்கள் வேலையில் நான் கற்ற முதல் கணக்கு இதுதான். 27-ஐ மூன்றால் பெருக்கினால் 81. அதிலிருந்து அறையின் சூட்டைக் கழி, மைதாவின் சூட்டைக் கழி, மிஷின் பிசையும்போது ஏற்றுகிற சூட்டைக் கழி. மிச்சம் வருவது தண்ணீர் இருக்க வேண்டிய சூடு. இப்போது எங்கள் உள்ளறை 31, மூட்டை 30, மிஷினுக்கு 8. ஆக, தண்ணீர் 12 டிகிரி. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருவதோ 28. அப்படியானால் 29 லிட்டரில் நாலு கிலோவுக்குச் சற்று மேல் ஐஸாகப் போட வேண்டும். நேற்று நான் ஐஸ் போடவில்லை. பிப்ரவரிக் கணக்கிலேயே கை ஓடிவிட்டது.

எங்கள் மாஸ்டர் அண்ணன் இந்தக் கணக்கை எழுதிப் பார்த்ததே இல்லை. மணிக்கட்டின் உள்பக்கத்தைத் தண்ணீரில் வைப்பார், அதே மணிக்கட்டை மூட்டைக்குள் விடுவார், "பாப்பா, ரெண்டு சொம்பு ஐஸு" என்பார். நான் பாவாடை சட்டையில் பேக்கரிக்குள் ஓடித் திரிந்த காலத்திலிருந்து நான் அவருக்குப் பாப்பா. எனக்கு இப்போது 46. பொறுப்புக்கு வந்த புதிதில் தெர்மாமீட்டர் வாங்கி வந்து அவர் மணிக்கட்டைச் சோதித்துப் பார்த்தேன். ஒரு டிகிரிக்கு மேல் தவறியதில்லை. அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அவரைச் சோதித்தேனே என்று.

அவர் கற்றது விறகு அடுப்பில். இப்போது எங்களிடம் இருப்பது சுழலும் ஓவன், பொத்தானைத் திருகினால் 210 டிகிரி. அப்பா காலத்து அடுப்பு ஒரு சின்ன அறை அளவு இருக்கும், செங்கல்லால் கட்டி, கூரை வில்லாக வளைந்திருக்கும். தைலமரக் கட்டையை உள்ளேயே போட்டு எரிப்பார்கள். கல்லெல்லாம் சூட்டைக் குடித்தபிறகு கங்குகளை ஓரம் தள்ளி, சாம்பலைக் கூட்டி, நனைத்த கோணிச் சாக்கைக் கம்பில் கட்டித் தரையைத் துடைப்பார்கள். பிறகு மாஸ்டர் ஒரு பிடி மைதாவை உள்ளே வீசி எண்ணுவார். பத்து எண்ணுவதற்குள் கருகினால் இன்னும் பொறுக்க வேண்டும். நிதானமாகச் சிவந்தால் அடுப்பின் வாயைத் திறக்கலாம். முதல் சூட்டில் பன், அடுத்து ரொட்டி, சூடு இறங்க இறங்க பிஸ்கட், அதற்குப் பிறகு கேக், கடைசியில் விடியும் நேரத்து மிச்சச் சூட்டில் ரஸ்க். ஒரு தடவை எரித்த விறகு ஒரு ராத்திரி முழுக்க, அந்தந்தப் பண்டத்துக்கு அதனதன் சூட்டைக் கொடுத்துக்கொண்டே வரும். அந்த வரிசையை யார் முதலில் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

இடையில் ரஸ்க் பற்றி ஒரு வார்த்தை. விற்காத பழைய ரொட்டியைத்தான் ரஸ்க் ஆக்குகிறார்கள் என்று பலர் நம்புகிறார்கள். எங்களிடம் ரஸ்க்குக்குத் தனி மாவு, சர்க்கரை கூட, சோம்பு போட்டு. நீள ரொட்டியாகச் சுட்டு, ஒரு நாள் ஆறவிட்டு, துண்டு போட்டு, மறுபடி உலர்த்துவது.

டிசம்பர் மாதம் அந்த அடுப்பு எங்கள் தெருவுக்கே பொது. சுற்றுவட்டாரத்தில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் அதிகம். வீட்டில் ஓவன் இல்லாத காலம். மைதா, வெண்ணெய், முட்டை, மாதக்கணக்கில் ரம்மில் ஊறிய திராட்சை எல்லாம் அவர்களே வாங்கி, வீட்டிலேயே கலக்கி, அலுமினிய டின்களில் ஊற்றி, மேலே செய்தித்தாள் மூடி, சாயந்திரம் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்பா சுடுகூலி மட்டும் வாங்குவார். ஒரே சமயத்தில் 60, 70 டின் அடுப்புக்குள் போகும். யாருடையது எது? பெயர் எழுதிய சீட்டு வைத்தால் கருகிவிடும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முந்திரிக் கோலம். நாலு முந்திரி சிலுவையாக இருந்தால் மேரி ஆண்ட்டி வீடு. நடுவில் ஒற்றைச் செர்ரி, சுற்றி ஐந்து பருப்பு என்றால் டீச்சரம்மா. ரயில்வேக்கார அங்கிள் வீட்டில் பாதாமை நிமிர்த்தி நட்டு வைப்பார்கள். எனக்கு ஒன்பது வயதிலேயே அத்தனை அடையாளமும் மனப்பாடம். மரத்துடுப்பால் மாஸ்டர் டின்னை இழுத்து வெளியே போட, நான் கோலத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல, தெருவில் வரிசையில் நிற்கிறவர்கள் கை தூக்குவார்கள். கேக் சுடும் வாசனை ராத்திரி ஒரு மணிக்கு அந்தச் சந்து முழுக்க நிற்கும். சிவாஜிநகர் மாதா கோவில் திருவிழாவுக்குச் செப்டம்பரில் காவி கட்டிப் போகிற அதே ஆட்கள், டிசம்பரில் எங்கள் வாசலில் ஸ்வெட்டரோடு.

இன்றும் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் டின் கொண்டுவருகிறார்கள். எல்லார் வீட்டிலும் ஓவன் இருக்கிறது. இருந்தும் வருகிறார்கள். மேரி ஆண்ட்டியின் பேத்தி போன வருஷமும் நாலு முந்திரி சிலுவை வைத்திருந்தாள்.

எங்கள் ஊர் பேக்கரிக்கு இரண்டு பிறந்தவீடு. ஒன்று தண்டு, அதாவது கன்டோன்மென்ட். 1809-ல் வெள்ளைக்காரப் பட்டாளம் அல்சூர்ப் பக்கம் வந்து இறங்கியபோது கூடவே ரொட்டியும் வந்தது, அவர்களுக்கு வேலை செய்யத் தமிழ் ஆட்களும் வந்தார்கள். பிரேசர் டவுன் மசூதி ரோட்டில் 1902 முதல் இருக்கிற ஆல்பர்ட் பேக்கரி அந்த வழியில் வந்தது. ஈரோட்டு முத்துசாமி முதலியார் நீலகிரி மலைக்குத் தபால் சுமந்துகொண்டு போய், வெள்ளைக்காரர்களுக்கு வெண்ணெய் விற்று, 1905-ல் நீல்கிரிஸ் கடையைத் தொடங்கினார். 1936-ல் அந்தக் கடை இங்கே பிரிகேட் ரோட்டுக்கு வந்தது. இன்னொன்று பேட்டை, அதாவது பழைய ஊர். சிக்பேட்டையில் 1898-ல் ஹாசன் பக்கத்திலிருந்து வந்த திருமலாச்சார் ஆரம்பித்த பி.பி. பேக்கரியிலிருந்து கிளைத்தவைதான் முட்டை சேர்க்காத ஐயங்கார் பேக்கரிகள். இவற்றை நடத்துகிற ஹெப்பார் ஐயங்கார்கள் வீட்டில் பேசுவது கன்னடம் கலந்த ஒரு பழைய தமிழ். மல்லேஸ்வரத்தில் ஒரு ஐயங்கார் பேக்கரிப் பெரியவர் கல்லாவில் இருந்தபடி பேரனோடு பேசியதை முதல் தடவை கேட்டபோது, சொல்லெல்லாம் நம்முடையது, ராகம் வேறாக இருக்கிறதே என்று காசு கொடுக்க மறந்து நின்றேன். அவர் கடைக் காரா பன்னில் பச்சைமிளகாயும் வெங்காயமும் மாவோடு மாவாகக் கலந்திருக்கும். நானும் பல தடவை முயன்றுவிட்டேன், வெங்காயத்தின் ஈரம் மாவை இளக்கிவிடுகிறது. அந்தப் பக்குவம் இன்னும் எனக்கு வரவில்லை.

ஒரு விஷயத்தை இங்கே எழுதிவிட வேண்டும், பல வருஷமாக மனசில் கிடக்கிறது. அப்பா காலத்திலிருந்தே மூட்டைக்கு ஒரு ஸ்பூன் வெள்ளைப் பவுடர் போடுவோம். கடைக்காரர் "இம்ப்ரூவர்" என்று கொடுப்பது. போட்டால் ரொட்டி தூக்கி நிற்கும், மாவைச் சீக்கிரமே வெட்டலாம். 2016-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ரொட்டிகளைச் சோதித்து வெளியிட்ட அறிக்கை எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் பொட்டாசியம் புரோமேட்டைத் தடை செய்தது. புற்றுநோய் வரக்கூடும் என்கிற சந்தேகம். நான் எங்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தேன். அதேதான். எத்தனை வருஷம், எத்தனை குழந்தைகள் டீயில் தொட்டுத் தின்றிருப்பார்கள். இருந்த பாக்கெட்டுகளை எல்லாம் அன்றே அப்புறப்படுத்தினோம். அடுத்த பதினைந்து நாள் ரொட்டி குட்டையாகவே வந்தது, கடைக்காரர்கள் திட்டினார்கள். மாஸ்டர்தான், "அந்தப் பவுடர் நமக்கு வாங்கிக் குடுத்தது நேரம். இப்ப அந்த நேரத்த நாமளே குடுக்கணும்" என்றார். மாவை அரை மணி நேரம் கூடுதலாக ஊறவிட்டோம். வேலை முன்னால் தொடங்கியது, எல்லாருக்கும் தூக்கம் அரை மணி நேரம் குறைந்தது, ரொட்டி நிமிர்ந்தது.

2024 மார்ச் வேறு மாதிரி சோதனை. அந்த வருஷத் தண்ணீர்ப் பஞ்சம் பெங்களூர்க்காரர்கள் யாருக்கும் மறக்காது. அரசு போட்ட ஆழ்துளைக் கிணறுகளில் ஏறக்குறைய பாதி வற்றிப்போனதாகச் சொன்னார்கள். எங்களுக்குக் காவிரிக் குழாயில் வாரம் இரண்டு நாள் வந்துகொண்டிருந்ததும் சொட்டாகியது. டேங்கர் சொன்னோம். அன்று ராத்திரி மாவு என்னவோ பண்ணியது. கல் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. அதே மைதா, அதே ஈஸ்ட், அதே கணக்கு. ஒரு மணி நேரம் ஆகியும் பாதிதான் எழும்பியிருந்தது. சுட்டெடுத்தால் டின் விளிம்புக்கு ஒரு விரல் கீழே நின்றது. ஈஸ்ட் செத்துவிட்டது என்று மறுநாள் புதுப் பாக்கெட் வாங்கினேன். அதே கதை. மைதாக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

மூன்றாம் நாள் ஊருக்குப் போயிருந்த மாஸ்டர் திரும்பி வந்தார். மாவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பாப்பா, தண்ணிய குடிச்சுப் பாத்தியா?" என்றார். குடித்துப் பார்த்தேன். நாக்கில் சுண்ணாம்பு மாதிரி நின்றது. எங்கோ ஆயிரம் அடிக்குக் கீழே இருந்து உறிஞ்சிய கடின நீர். அந்த உப்பெல்லாம் மாவின் ஜவ்வை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, ஈஸ்ட் எவ்வளவு முட்டினாலும் அது விரிவதில்லை. நான் உடனே புத்திசாலித்தனமாக முழுக்க ஆர்.ஓ. கேன் தண்ணீர் வாங்கிப் போட்டேன். இப்போது நேர்மாறு. மாவு கூழாகி, மேஜையில் ஒட்டி, உருட்டவே வரவில்லை. இறுகப் பிடிக்க அதில் ஒன்றுமே இல்லை. கடைசியில் மாஸ்டர் பாதிக்குப் பாதி கலந்து, ஈஸ்ட்டைக் கால் பங்கு கூட்டி, வழிக்குக் கொண்டுவந்தார். ஒரு கேன் 20 லிட்டர், ராத்திரிக்கு இரண்டு. அந்த இரண்டு மாதம் லாபம் என்று ஒன்றும் இல்லை, கடையை மூடாமல் இருந்தோம், அவ்வளவுதான்.

காவிரித் தண்ணீர் எங்கள் ஊருக்கு நூறு கிலோமீட்டர் தள்ளி, தொரேகாடனஹள்ளியிலிருந்து மலையேறி வருகிறது. 1974 முதல். எங்கள் மாவு பழகியதெல்லாம் அதோடுதான். அதே காவிரியின் பேரில் 1991 டிசம்பரில் இங்கே தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. எனக்குப் பதினொரு வயது. அப்பா போர்டில் இருந்த தமிழ் எழுத்தின்மேல் சுண்ணாம்பு பூசிவிட்டு ஷட்டரை இறக்கினார். ஊரடங்கு. ஆனால் மாவு முன்பே பிசைந்தாகிவிட்டது, தொட்டியில் எழும்பிக்கொண்டிருந்தது. அதை யாரும் நிறுத்த முடியாதே. அப்பாவும் மாஸ்டரும் விளக்கை அணைத்துவிட்டு அடுப்பு வெளிச்சத்திலேயே சுட்டார்கள். பக்கத்து வீட்டு கௌரம்மா ஆண்ட்டி, கன்னடக்காரர், விடியற்காலை பின்வாசலுக்கு வந்து கூடையில் ரொட்டியை அடுக்கிப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, சில்லறையைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தார். மூன்று நாள் அப்படித்தான் ஓடியது.

மாஸ்டருக்கு இப்போது இருமல் நிற்பதில்லை. நாற்பத்தைந்து வருஷம் மூட்டையை உயரத் தூக்கிக் கொட்டிச் சுவாசித்த மாவுத்தூசி. டாக்டர் ஆஸ்துமா என்கிறார், ரொட்டி வேலை செய்கிறவர்களுக்கு வருவதுதானாம். இதை நான் முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். இப்போது மூட்டையைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்து மெல்லச் சரிக்கிறோம், எல்லாருக்கும் மாஸ்க், சலிக்கும் இடத்தில் காற்றை வெளியே இழுக்கும் ஃபேன். அவருக்குப் பகல் நேரத்தில் முன்பக்கம் உட்காரும் வேலை கொடுத்திருக்கிறேன். உட்கார மாட்டேன் என்கிறார். ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டிலிருந்து போன் செய்து, "இன்னைக்கு எத்தன ஐஸு?" என்று கேட்கிறார்.

அவர் இடத்துக்கு வந்திருப்பது பிரகாஷ். திருப்பத்தூர்ப் பக்கம், வயது 19, சேர்ந்து ஏழு மாதம். அவனுக்கு முன்னால் வந்த மூன்று பேர் ஒரு வாரம் தாண்டவில்லை. ராத்திரி விழித்திருப்பதைக்கூடத் தாங்குவார்கள், டின் சூட்டில் முன்கை சுடுவதையும் தாங்குவார்கள், வெட்டிய மாவை 450 கிராம் 450 கிராமாக 185 தடவை நிறுப்பதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. சுட்டு ஆறினால்தான் அது 400 கிராம் ரொட்டி, மிச்சம் ஆவியாகப் போய்விடும். பத்து கிராம் குறைத்து வெட்டினால் வாங்குகிறவரை ஏமாற்றியதாகும். பிரகாஷ் நிறுப்பதில் அலுத்ததே இல்லை. ஆனால் சுட்ட ரொட்டி ஆற இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க மட்டும் அவனுக்குப் பொறுமை வராது, சூட்டோடு ஸ்லைசரில் விட்டு பிளேடெல்லாம் பசையாக்கி இரண்டு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டான். சூட்டோடு பாக்கெட் போட்டால் உள்ளே வியர்த்து மறுநாளே பூஞ்சை பிடிக்கும் என்பதை ஒரு ரொட்டியைப் பாக்கெட்டில் கட்டி ஆணியில் தொங்கவிட்டுக் காட்டினேன். அது இன்னும் தொங்குகிறது. பச்சையாக.

நேற்றைய வெளுத்த பன்னை டீக்கடைகளுக்கு அனுப்பவில்லை. பாதியை நாங்களே தின்றோம், மீதியைச் சந்து முனை ஆட்டோ ஸ்டாண்டில் கொடுத்தேன்.

இன்று ராத்திரி ஐஸ் நிறுத்துப் போட்டேன். இறக்கியபோது மாவு 27. இரண்டாவது மாவைப் போர்த்திவிட்டு இதைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். ஐம்பது நிமிஷம் ஆனபோது எழுந்து போகலாம் என்று நினைத்தேன். நான் கூப்பிடாமலே பிரகாஷ் துணியை விலக்கி, விரலை விட்டு, எடுத்து, குழியையே பார்த்துக்கொண்டிருந்தான். அது மெல்ல, பாதி வரை மூடியது.

"அக்கா, இன்னும் பத்து நிமிஷம்" என்றான்.

பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று.